மழையும் அணையும் ஒரே தேதியில் நிற்க: மேட்பிளாட்லிப்பில் அச்சுகளை இணைப்பது

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாலமோர் மழையளவு, பேச்சிப்பாறை மற்றும் பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்துக் காற்றின் வேகம் ஆகியவற்றை மேட்பிளாட்லிப்பில் (பைத்தான் மொழியில் வரைபடம் வரையும் தொகுப்பு) மூன்று படங்களாக, ஒன்றின்கீழ் ஒன்றாக வரைந்திருக்கிறார். மழைப் படத்தை ஜூம் செய்தால் மற்ற இரண்டும் அசையாமல் நிற்கின்றன. “ஷேர்எக்ஸ் போட்டுப் பார்த்தேன் அண்ணா, மழை பார்கள் மொத்தமும் காணாமல் போய்விட்டன. எங்கே தப்பு?” என்பது அவர் கேள்வி.

தம்பி, இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அச்சுகளை இணைப்பது எப்படி என்பது ஒன்று. அதற்கு ஒரு வரி போதும். இணைத்த பிறகு ஏன் எல்லாம் குழம்புகிறது என்பது மற்றொன்று. என் அனுபவத்தில் எல்லோருடைய நேரத்தையும் தின்பது இந்த இரண்டாவதுதான், அதனால் அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஒரு வரி. சப்பிளாட்ஸ் ஃபங்ஷனை அழைக்கும்போது மூன்று வரிசை, ஒரு பத்தி என்று கொடுப்பீர்கள் அல்லவா, அதே அடைப்புக்குள் ஷேர்எக்ஸ் என்பதை ட்ரூ ஆக்குங்கள். திரும்பி வரும் மூன்று ஆக்ஸ்களும் (ஆக்ஸ் என்பது அச்சுகளோடு கூடிய ஒரு தனிப் படம்) அப்போதிலிருந்து ஒரே எக்ஸ் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றை ஜூம் செய்தால் மற்றவையும் வரும், ஒன்றுக்கு செட் எக்ஸ்லிம் கொண்டு எக்ஸ் எல்லையைக் கொடுத்தால் மூன்றுக்கும் கொடுத்த மாதிரி. ட்ரூ என்பதற்குப் பதிலாக ‘கால்’ என்று கொடுத்தால் ஒரே பத்தியில் இருப்பவை மட்டும் இணையும். ‘ரோ’ என்றால் ஒரே வரிசையில் இருப்பவை. இடப்பக்கம் 2023, வலப்பக்கம் 2024 என்று இரண்டு பத்தியாக வரையும்போது ‘கால்’தான் வேண்டும். அங்கே ட்ரூ போட்டால் இரண்டு ஆண்டுகளும் ஒரே அச்சில் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு படத்திலும் பாதி இடம் காலியாகக் கிடக்கும்.

சரி, மழை பார்கள் எங்கே போயின?

நீங்கள் அனுப்பிய நிரலைப் பார்த்தேன். நீர்மட்டக் கோட்டை ஆக்ஸின் பிளாட் கொண்டு வரைந்திருக்கிறீர்கள். மழையை மட்டும் பாண்டாஸ் (பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் தொகுப்பு) டேட்டாஃபிரேமின், அதாவது அதன் அட்டவணையின், பிளாட் பார் கொண்டு வரைந்திருக்கிறீர்கள். வினை அங்கேதான். பாண்டாஸ் பார் வரையும்போது தேதியைத் தேதியாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் பார் 0 என்ற இடத்தில், இரண்டாவது 1, மூன்றாவது 2 என்று வரிசையாக நட்டுவிட்டு, அடியில் தேதியைப் பெயர்ப்பலகை மாதிரி ஒட்டிவிடும். தனிப் படமாக இருக்கும்வரை கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது.

மேட்பிளாட்லிப் அப்படியில்லை. அது தேதியை 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள் கணக்காக மாற்றி வைத்துக்கொள்ளும் (3.3 வெர்ஷனிலிருந்து இதுதான் வழக்கம்). 2024 ஜூன் 1 என்பது அதற்கு 19875. இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் மழை பார்கள் 0 முதல் 120 வரை உள்ள இடத்தில் நிற்கின்றன. நீர்மட்டக் கோடு 19875-இல் தொடங்குகிறது. இரண்டையும் ஷேர்எக்ஸ் கட்டிப்போட்டது. எதை முதலில் வரைந்தீர்கள், எதைப் பிறகு வரைந்தீர்கள் என்பதைப் பொறுத்து பார்கள் மறையும், இல்லாவிட்டால் கோடு மறையும், அதுவுமில்லை என்றால் 1970 முதல் 2024 வரை நீண்ட ஓர் அச்சில் இரண்டும் இரு ஓரங்களில் நசுங்கிக் கிடக்கும். மேட்பிளாட்லிப் தவறு செய்யவில்லை. பகிரச் சொன்ன எண்ணை அது பகிர்ந்தது. அந்த எண் ஒரு படத்தில் நாள் கணக்கு, இன்னொரு படத்தில் வரிசை எண்.

தீர்வு எளிது. மழையையும் ஆக்ஸின் பார் கொண்டே வரையுங்கள், எக்ஸ் இடத்தில் தேதியையே கொடுங்கள். அகலம் 1 என்றால் ஒரு நாள் என்று பொருள். இணைந்த அச்சுகளில் பாண்டாஸின் சொந்த பிளாட்டை நான் பயன்படுத்துவதே இல்லை. பாண்டாஸைப் படிக்கவும் திருத்தவும் கணக்குப் போடவும் வைத்துக்கொள்ளுங்கள், வரைவதை ஆக்ஸிடம் விட்டுவிடுங்கள்.

காற்றுத் தரவு மணிக்கு ஒன்றாக இருப்பதால் அதிலும் இதே வினை வேறு உருவில் வரும். சீரான இடைவெளியில் உள்ள நேரத் தொடரைப் பாண்டாஸ் தன் பிளாட்டில் வரைந்தால், அந்த இடைவெளியையே அலகாக வைத்துக்கொள்ளும். தினசரித் தரவுக்கு நாள் கணக்கு, மணித் தரவுக்கு மணிக் கணக்கு. அதே 2024 ஜூன் 1 இப்போது 19875 நாள் அல்ல, 477000 மணி. இதை நீர்மட்டத்தோடு இணைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாண்டாஸ் பிளாட்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் எக்ஸ் அண்டர்ஸ்கோர் காம்பேட் என்பதை ட்ரூ ஆக்குங்கள், அது மேட்பிளாட்லிப் கணக்குக்கே வந்துவிடும். பார் படத்துக்கு அது உதவாது.

அடுத்தது தேதி உண்மையிலேயே தேதியாக இருக்கிறதா என்பது. நாளிதழ்ச் செய்தியிலிருந்து கையால் எக்செல்லில் அடித்த தரவு என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் தேதிப் பத்தி பெரும்பாலும் வெறும் எழுத்துச் சரமாகத்தான் உள்ளே வரும். சரத்தைக் கொடுத்தால் மேட்பிளாட்லிப் அதைப் பெயர்களின் பட்டியலாகப் பார்த்து, வந்த வரிசையில் சம இடைவெளியில் அடுக்கிவிடும். நீங்கள் நான்கு நாள் அடிக்க மறந்திருந்தால் அந்த இடைவெளி படத்தில் தெரியவே தெரியாது. மழைப் பத்தியில் நான்கு நாள் இல்லை, நீர்மட்டப் பத்தியில் எல்லா நாளும் இருக்கிறது என்றால், மேலே கீழே ஒரே நேர்கோட்டில் தெரிபவை வேறு வேறு நாட்கள்.

சரத்தைத் தேதியாக மாற்றும்போது இன்னொரு குழி உண்டு. நாம் 01-06-2024 என்று எழுதுவது ஜூன் முதல் தேதி. பாண்டாஸின் டு டேட்டைம் அதை ஒன்றும் சொல்லாமல் விட்டால் மாதத்தை முதலில் வைத்து ஜனவரி 6 என்று படிக்கும். நம் மாவட்டத்தில் ஜூன் 1 சாதாரணத் தேதி இல்லையே. கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லுக்காகப் பேச்சிப்பாறை திறக்கும் நாளாக வழக்கத்தில் இருப்பது அது. அது ஜனவரிக்குப் போய்விட்டால் படத்தில் இரண்டாம் போகமான கும்பப்பூ நடுவில் அணை திறந்த மாதிரி இருக்கும். பாண்டாஸ் 2.0-க்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஊகிக்கும், 12-ஆம் தேதி வரை மாதமும் நாளும் மாறிக் கிடக்கும், 13-ஆம் தேதியிலிருந்து சரியாக இருக்கும். 2.0-இலிருந்து முதல் வரியைப் பார்த்து ஒரு முறையைத் தீர்மானித்து, பிறகு அதற்குப் பொருந்தாத வரி வந்தால் பிழை காட்டி நின்றுவிடும். நிற்பது நல்லது. ஆனாலும் ஊகத்துக்கு விடாதீர்கள். ஃபார்மட் என்ற இடத்தில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் நானே ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். எங்கள் ஊர் குளத்துப் பாசனக்காரர்கள் கூட்டத்துக்காகப் பாலமோர் மழையையும் பெருஞ்சாணி மட்டத்தையும் மேலும் கீழுமாக வரைந்து ஒரு பெரிய தாளில் அச்சடித்துப் போயிருந்தேன். அச்சுகளை இணைக்கவில்லை. மழைத் தரவு அக்டோபர் 20-ஆம் தேதியோடு முடிந்திருந்தது, மட்டத் தரவு மாதக் கடைசி வரை இருந்தது. இரண்டும் ஒரே அகலத்தில் விரிந்து நின்றதால் மழையின் உச்சம் வலது பக்கமாகத் தள்ளி நின்றது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டா தாளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மழை பெய்யதுக்கு முன்னாடியே அணையில வெள்ளம் ஏறிச்சா மக்களே?” என்று கேட்டார். அவர் கேட்டது மிகச் சரி. கீழே எழுதியிருந்த தேதிகளை நான் உட்பட ஒருவரும் படிக்கவில்லை. மேலும் கீழுமாக இரண்டு படம் வைத்தால் மனிதக் கண் நேர்கோடு போட்டுத்தான் பார்க்கும். அன்றிலிருந்து ஒன்றின்கீழ் ஒன்றாக எதை வரைந்தாலும் ஜூம் தேவையோ இல்லையோ, தாளில் அச்சடிப்பதற்கே ஆனாலும், எக்ஸ் அச்சை இணைத்துவிட்டுத்தான் மறுவேலை.

இனி எட்டரை மணி விஷயம். மழையளவு என்று காலையில் வெளியாகும் எண் அன்றைய மழை அல்ல. முந்தின நாள் காலை எட்டரை முதல் இன்று காலை எட்டரை வரை பெய்த 24 மணி நேர மழை அது. அணை மட்டமோ காலையில் பார்த்த அந்த நேரத்து எண். காற்று ஒவ்வொரு மணிக்கும் உள்ளது. இந்த மூன்றையும் வெறும் தேதியாகப் போட்டால் மூன்றும் நள்ளிரவு 12 மணியில் உட்கார்ந்துகொள்ளும். ஆக்ஸின் பார் வழக்கமாகப் பாரை அந்தப் புள்ளிக்கு நடுவில் வைக்கும், அதாவது நேற்று மதியம் முதல் இன்று மதியம் வரை. நான்கு மாதப் படத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் 30-ஐ ஒட்டி நான்கைந்து நாளை ஜூம் செய்து, காற்று எப்போது ஏறியது, மழை எப்போது கொட்டியது என்று பார்க்க நினைத்தால் அரை நாள் பிசகு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

நான் செய்வது இது. மழைக்கும் மட்டத்துக்கும் தேதியோடு எட்டரை மணி நேரத்தைக் கூட்டிவிடுவேன். பிறகு பார் வரையும்போது அலைன் என்பதை ‘எட்ஜ்’ ஆக்கி, அகலத்துக்கு மைனஸ் 1 கொடுப்பேன். அகலம் குறைக்குறியோடு இருந்தால் பாரின் வலது விளிம்பு அந்தப் புள்ளியில் நிற்கும், பார் பின்னோக்கி நீளும். இப்போது ஒவ்வொரு பாரும் தான் அளந்த 24 மணி நேரத்தின்மேல் சரியாகப் படுத்திருக்கும். கீழே காற்றுக் கோட்டோடு ஒப்பிட்டால் பொய் சொல்லாது. உங்கள் காற்றுத் தரவு இந்திய நேரத்தில் இருக்கிறதா, உலகப் பொது நேரத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வானிலைத் தளங்களிலிருந்து இறக்கும் தரவு பல நேரம் இரண்டாவது வகையாக இருக்கும். நமக்கு ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும்.

இனி அடியில் வரும் தேதி எழுத்துகள். சப்பிளாட்ஸில் ஷேர்எக்ஸ் கொடுத்தால் மேல் இரண்டு படங்களுக்கும் தேதி எழுத்து தானாகவே மறைந்து, அடிப் படத்துக்கு மட்டும் இருக்கும். ஆக்ஸ்களை ஒவ்வொன்றாக ஆட் சப்பிளாட் கொண்டு சேர்த்து, அங்கே ஷேர்எக்ஸ் என்று முதல் ஆக்ஸைக் கொடுத்திருந்தால் அது தானாக மறையாது. அப்போது பலர் செய்யும் தவறு, மேல் படத்துக்கு செட் எக்ஸ்டிக்லேபிள்ஸ் என்று காலிப் பட்டியலைக் கொடுப்பது. கொடுத்த உடனே அடிப் படத்துத் தேதியும் போய்விடும், ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

காரணம் இதுதான்: ஷேர்எக்ஸ் எல்லையை மட்டும் பகிர்வதில்லை. எங்கெங்கே டிக் (அச்சில் வரும் அளவுக்குறி) வர வேண்டும் என்று தீர்மானிக்கும் லொக்கேட்டரும், அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று தீர்மானிக்கும் ஃபார்மேட்டரும் மூன்று படங்களுக்கும் பொதுவாகிவிடும். காலிப் பட்டியல் கொடுப்பது அந்தப் பொது ஃபார்மேட்டரையே மாற்றுவது. எழுத்தை மறைக்க வேண்டுமானால் அந்த ஆக்ஸின் டிக் பாராம்ஸில் லேபிள்பாட்டம் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், இல்லையென்றால் லேபிள் அவுட்டர் என்று அழையுங்கள். இவை எழுத்தைத் தெரியாமல் ஆக்குமே தவிர ஃபார்மேட்டரைத் தொடாது. மூன்று படங்களிலும் தேதி தெரிய வேண்டும் என்றால் அதே லேபிள்பாட்டத்தை ட்ரூ ஆக்கினால் வந்துவிடும். இந்தப் பகிர்வில் ஒரு நன்மையும் உண்டு: மாதத்துக்கு ஒரு டிக், தமிழில் மாதப் பெயர் என்று ஒரு ஃபார்மேட்டர் எழுதி ஒரு ஆக்ஸுக்குக் கொடுத்தால் போதும்.

ஒய் அச்சுக்கு வருவோம். இங்கே நிறையப் பேர் யோசிக்காமல் ஷேர்ஒய்யையும் ட்ரூ ஆக்கிவிடுகிறார்கள். மழை மில்லிமீட்டரில், மட்டம் அடியில், காற்று வேறு அலகில். இவற்றை ஒரே ஒய் அச்சில் கட்டினால் அர்த்தமில்லாத படம்தான் கிடைக்கும். உங்கள் மூன்று படங்களுக்கும் ஷேர்ஒய் வேண்டவே வேண்டாம்.

ஆனால் ஒரே அலகு உள்ள இடத்தில் ஷேர்ஒய் போடாவிட்டால் அது தவறு என்பேன். மலையில் இருக்கும் பாலமோர், குமரி முனைக்குப் பக்கத்துக் கொட்டாரம், கடற்கரையில் குளச்சல், மூன்று இடத்து மழையையும் பக்கம் பக்கமாக வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒய் அச்சை இணைக்காவிட்டால் ஒவ்வொரு படமும் தன் உச்சத்துக்கு ஏற்ப விரிந்து, மூன்று ஊரிலும் ஒரே அளவு மழை பெய்தது போலத் தோன்றும். இணைத்துப் பாருங்கள், தென்மேற்குப் பருவத்தில் பாலமோர் எங்கே நிற்கிறது, கொட்டாரம் எங்கே நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். ஒரு சின்ன மாவட்டத்துக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு படத்தை வைத்துத்தான் காட்டினேன்.

அணைகளில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றார் ஒன்றும் இரண்டும் 18 அடி. மூன்றும் அடிதானே என்று ஷேர்ஒய் போட்டால் சிற்றார் நிரம்பி வழிந்தாலும் படத்தின் அடியில் ஒரு மெல்லிய கோடாகத்தான் கிடக்கும். இணைக்காவிட்டால் 15 அடியும் 60 அடியும் ஒரே உயரத்தில் தெரியும். இரண்டுமே சரியில்லை. முழு மட்டத்தில் எத்தனை சதவீதம் என்று மாற்றிக்கொண்டு, 0 முதல் 100 வரை ஒய் அச்சை இணைத்து வரையுங்கள். அச்சின் பெயரில் ‘மட்டத்தின் சதவீதம்’ என்று மறக்காமல் எழுதுங்கள். அணை மேலே அகன்றும் அடியில் ஒடுங்கியும் இருப்பதால் மட்டம் பாதி என்றால் தண்ணீர் பாதி என்று ஆகாது. படத்தைப் பார்ப்பவர் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. இணைந்த ஒய் அச்சில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றவையும் திரும்பும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீரியல் படங்களில் மழையை மேலிருந்து தொங்கவிடும் வழக்கம் உண்டு. அதற்கு மழை ஆக்ஸின் ஒய் அச்சு தனியாக இருந்தால்தான் முடியும்.

ஒரே படத்துக்குள் இடப்பக்கம் அடியும் வலப்பக்கம் மில்லிமீட்டருமாக வரைய ட்வின்எக்ஸ் இருக்கிறது. எக்ஸ் அச்சு அதில் தானாகவே பொதுவாகிவிடும். எனக்கு அது பிடிக்காது. இரண்டு ஸ்கேலையும் நம் விருப்பத்துக்கு இழுத்து, எந்த இரண்டு கோட்டையும் ஒன்றோடொன்று பொருந்துவது போலக் காட்டிவிடலாம். மேலும் கீழுமாக இரண்டு படமே மேல்.

உங்கள் தரவின் தொடக்கம் ஒரே நாளில் இல்லை என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இணைந்த அச்சு தானாக விரியும்போது எல்லாப் படங்களின் தரவையும் சேர்த்துப் பார்த்துத்தான் எல்லை போடும். காற்று 2015-இலிருந்தும் மற்றவை 2020-இலிருந்தும் இருந்தால் மேல் இரண்டு படங்களில் இடப்பக்கம் ஐந்து ஆண்டு வெற்றிடம் இருக்கும். எல்லாம் வரைந்து முடித்த பிறகு ஏதாவது ஒரு ஆக்ஸுக்குச் செட் எக்ஸ்லிம் கொடுங்கள், போதும். படங்களின் உயரம் ஒன்றுபோல் இருக்க வேண்டாம் என்றால் ஹைட் ரேஷியோஸ் என்பதில் 1, 2, 1 என்று கொடுக்கலாம்; 3.6 வெர்ஷனிலிருந்து சப்பிளாட்ஸே அதை நேரடியாக ஏற்கும்.

“நோட்புக்கில் ஜூமே வரவில்லையே” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். ஜூபிட்டர் நோட்புக்கில் வழக்கமாக வருவது வெறும் படம், புகைப்படம் மாதிரி. அதில் இணைப்பு இருந்தாலும் நகர்த்த முடியாது. ஐபிஒய்எம்பிஎல் என்ற பேக்கேஜை நிறுவி, நோட்புக்கின் முதல் கட்டத்தில் சதவீதக் குறியோடு மேட்பிளாட்லிப் விட்ஜெட் என்று எழுதினால் உயிருள்ள படம் வரும். சாதாரண பைத்தான் கோப்பாக ஓட்டினால் தனி விண்டோவில் ஷோ காட்டும் படத்தில் ஜூம் தானாகவே உண்டு.

இணையத்தில் பழைய பதில்களைப் பார்த்து, ஏற்கெனவே வரைந்த இரண்டு ஆக்ஸ்களை கெட் ஷேர்டு எக்ஸ் ஆக்ஸஸ் என்று எடுத்து ஜாயின் செய்ய முயன்றிருக்கிறீர்கள். அந்த வழி 3.6-இல் கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டு 3.8-இல் எடுக்கப்பட்டுவிட்டது, அதனால்தான் பிழை. இப்போது இரண்டாவது ஆக்ஸின் ஷேர்எக்ஸ் என்ற மெத்தடை அழைத்து முதல் ஆக்ஸை உள்ளே கொடுக்க வேண்டும், இது 3.3-இலிருந்து இருக்கிறது. ஒரு ஆக்ஸை ஒருமுறைதான் இப்படி இணைக்க முடியும், பிறகு பிரிக்க வழி கிடையாது. பிரிக்க நினைத்தால் படத்தைப் புதிதாகத் தொடங்குவதே சுருக்க வழி. இரண்டு ஆக்ஸும் ஒரே ஃபிகரில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வேறு விண்டோவில் இருக்கும் ஆக்ஸையும் இணைக்கலாம், ஒன்றில் ஜூம் செய்தால் மற்ற விண்டோவும் நகரும். இரண்டு திரை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வசதி.

ஒரே எல்லையாக இல்லாமல் தள்ளி இணைக்க வேண்டிய தேவையும் வரும். 2023 தென்மேற்குப் பருவத்தையும் 2024 பருவத்தையும் மேலும் கீழுமாக வைத்து, ஒன்றில் ஜூனை ஜூம் செய்தால் மற்றதிலும் ஜூன் வர வேண்டும். ஷேர்எக்ஸ் இதைச் செய்யாது. ஆக்ஸின் கால்பேக்ஸில் எக்ஸ்லிம் சேஞ்ச்டு என்ற நிகழ்வோடு ஒரு ஃபங்ஷனை இணைத்து, வந்த எல்லையோடு 366 நாளைக் கூட்டி (2024 லீப் ஆண்டு, பிப்ரவரி 29 நடுவில் வருகிறது) இரண்டாவது ஆக்ஸுக்குச் செட் எக்ஸ்லிம் கொடுக்கலாம். இரு பக்கமும் இப்படி இணைத்தால் ஒன்று மற்றொன்றை அழைத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் செட் எக்ஸ்லிம்மில், மாற்றத்தை மற்றவற்றுக்குத் தெரிவிக்கும் எமிட் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஆனால் அப்படிச் செய்தால் இரண்டாவது ஆக்ஸோடு ஷேர்எக்ஸில் இருக்கும் வேறு படங்களுக்கும் செய்தி போகாது, அவை பழைய இடத்திலேயே நிற்கும். நான் இந்தச் சுற்றுவழிக்குப் போவதில்லை. ஜூன் 1-இலிருந்து எத்தனையாவது நாள் என்று ஒரு பத்தி உண்டாக்கி, அதை எக்ஸ் ஆக்கிச் சாதாரண ஷேர்எக்ஸ் போட்டுவிடுவேன்.

படத்தை மற்றவர்களுக்கு அனுப்பி அவர்களும் போனில் நகர்த்திப் பார்க்க வேண்டும் என்றால் மேட்பிளாட்லிப்பைவிட போகே அல்லது பிளாட்லி என்ற வரைபடத் தொகுப்பு நல்லது, இரண்டும் எச்டிஎம்எல் கோப்பாகக் கொடுக்கும். போகேயில் இணைப்பு எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்: இரண்டாவது ஃபிகரை உண்டாக்கும்போது அதன் எக்ஸ் ரேஞ்சாக முதல் ஃபிகரின் எக்ஸ் ரேஞ்சையே கொடுக்க வேண்டும். எல்லை என்பது ஒரே ஆப்ஜெக்ட், இருவர் கையிலும் அதே ஒன்று. மேட்பிளாட்லிப்பில் ஒவ்வொரு ஆக்ஸுக்கும் தன் எல்லை இருக்கும், ஒன்று மாறினால் குழுவில் உள்ள மற்றவைக்குச் சொல்லி அனுப்பும். போகேயில் எக்ஸ் அச்சு வகை டேட்டைம் என்று ஒவ்வொரு ஃபிகருக்கும் தனியாகச் சொல்ல மறக்காதீர்கள். நெட் கிடைக்காத இடத்தில் திறக்க வேண்டியிருந்தால் ரிசோர்ஸை இன்லைனாக வைத்துச் சேமியுங்கள். பிளாட்லியில் மேக் சப்பிளாட்ஸுக்கு ஷேர்டு எக்ஸ்ஆக்ஸஸ் ட்ரூ, வேலை முடிந்தது.

எனக்கு இருந்தாலும் மேட்பிளாட்லிப் மேல்தான் பாசம். ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்ப்பதற்கு வழி தேடித்தான் இதை எழுதத் தொடங்கினார். 2003-இல் முதலில் வெளியிட்டார், 2012-இல் காலமாகிவிட்டார். பல இடத்துப் பதிவுகளை ஒரே நேர ஓட்டத்தில் பார்ப்பது அவருக்கு இருந்த தேவை. மலையிலும் அணையிலும் கணவாயிலும் எடுத்த பதிவுகளை வைத்திருக்கும் நமக்கும் அதே தேவைதான்.

எல்லாம் இணைந்த பிறகு மல்டிகர்சர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்பிளாட்லிப்பின் விட்ஜெட்ஸில் இருக்கிறது. ஃபிகரின் கேன்வாஸையும் மூன்று ஆக்ஸ்களையும் கொடுத்தால், மவுஸ் போகும் இடத்தில் மூன்று படத்தையும் ஊடுருவி ஒரு நெடுக்குக் கோடு நிற்கும். திரும்பி வருவதை ஒரு வேரியபிளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பைத்தான் அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடும், கோடு வராது.

அந்தக் கோட்டை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனால் பேச்சிப்பாறையில் ஓர் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். மேலே மழை பார் எதுவும் இருக்காது, கீழே மட்டம் குறையாமல் நிற்கும், சில நாள் ஏறவும் செய்யும். உடனே அச்சு பிசகிவிட்டது என்று நிரலைப் பிரிக்க வேண்டாம். முதலில் பெருஞ்சாணியைப் பாருங்கள். அது அந்த நாட்களில் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தால் உங்கள் தேதிகள் சரி. கோதையாறு மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்த தண்ணீர் கடைசியில் பேச்சிப்பாறைக்குத்தான் வருகிறது, பெருஞ்சாணிக்கு அப்படி ஒரு வரத்து கிடையாது. பேச்சிப்பாறையின் நீர்வரத்து எண்களும் அதே நாளிதழ்ச் செய்தியில் வரும். அவற்றையும் அடித்து, நான்காவது படமாக அடியில் சேர்த்து, ஷேர்எக்ஸில் முதல் ஆக்ஸைக் கொடுங்கள்.